அன்னை ஹாஜரா ஓடியது யாருக்காக?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் நம் சேலம், நாமக்கல் பகுதியில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்து விடும். வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு இரண்டு நாளைக்கேனும் ஏற்காட்டுக்கு ஏறி விடுவார்கள். மற்றவர்கள் ஜன்னலில் ஈரத் துணி கட்டி, மண்பானைத் தண்ணீரும் நீர்மோரும் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுவார்கள். இவ்வளவு கவனமுள்ள நாம்தான், பள்ளிக்கூட விடுமுறை கிடைக்கிறதே என்று, நம் ஊரைவிடக் கடுமையாகக் காயும் மக்கா நகருக்குக் கைக்குழந்தையோடு புறப்படும்போது அந்தக் கவனத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். "அல்லாஹ்வின் வீட்டுக்குத்தானே போகிறோம், அவன் பார்த்துக் கொள்வான்" என்று கூறி மேற்கொண்டு யோசிப்பதை நிறுத்தி விடுகிறோம். இது சரியா என்பதை மார்க்கத்தின் ஒளியில் சற்றுச் சிந்திப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளை உம்ராவுக்கு அழைத்துச் செல்வது ஆகுமானது, நன்மையானதும்கூட. ரவ்ஹா என்னுமிடத்தில் ஒரு பெண்மணி தம் சிறு குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் ஹஜ் உண்டா என்று வினவியபோது, உண்டு என்றும், அதன் கூலி உமக்கும் உண்டு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸாயிப் பின் யஸீத் (ரலி) அவர்கள் ஏழு வயதில் நாயகம் (ஸல்) அவர்களோடு ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்லப்பட்டதாகப் புகாரியில் காண்கிறோம். பிஞ்சு வயதில் கஃபாவைக் கண்ட கண்களுக்கு அந்தக் காட்சி ஆயுள் முழுவதும் மறக்காது. ஆகவே, ஆசைப்படும் தாய்மார்களை நாம் தடுக்கவில்லை.

ஆனால், எது எந்தத் தரத்தில் உள்ளது என்பதை அறிந்து கொள்ள வேண்டும். பருவமடையாத பிள்ளை மீது ஹஜ்ஜும் கடமையில்லை, உம்ராவும் கடமையில்லை. அது செய்யும் ஹஜ் நபிலாகவே அமையும். பெரியவனாகி வசதி பெற்றால் பர்ளான ஹஜ்ஜை மீண்டும் நிறைவேற்ற வேண்டும். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபி மத்ஹபின்படி, பெரியவர்களுக்கே உம்ரா என்பது ஆயுளில் ஒருமுறை வலியுறுத்தப்பட்ட சுன்னத். ஷாஃபிஈ மத்ஹபில் அது கடமை. ஆனால் குழந்தையின் உயிரையும் உடல் நலத்தையும் பேணுவது எந்த மத்ஹபிலும் பெற்றோர் மீது கட்டாயக் கடமை. அல்லாஹ் நம் கையில் ஒப்படைத்த அமானிதம். ஒரு சுன்னத்தை அடைவதற்காக ஒரு பர்ளைப் பாழாக்குவது எந்த வகையில் வணக்கமாகும்?

அன்புச் சகோதரிகளே! ஸபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை ஸஃயு செய்கிறோமே, அந்த அமல் எங்கிருந்து வந்தது? இப்றாஹீம் (அலை) அவர்கள் தம் துணைவியாரையும் பால்குடிக் குழந்தையையும் புல் பூண்டற்ற அந்தப் பள்ளத்தாக்கில் விட்டுத் திரும்பியபோது, இது அல்லாஹ்வின் கட்டளையா என்று அன்னை ஹாஜரா (அலை) கேட்டார்கள். ஆம் என்ற விடை கிடைத்ததும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று உறுதியோடு திரும்பி விட்டார்கள். இதைவிடப் பெரிய தவக்குல் உண்டா? ஆனால், தோல்பையிலிருந்த தண்ணீர் தீர்ந்து, குழந்தை தாகத்தால் துடித்தபோது, அந்த அன்னை தவக்குல் வைத்துவிட்டேன் என்று உட்கார்ந்திருக்கவில்லை. ஸபாவின் மீது ஏறிப் பார்த்தார்கள். பள்ளத்தில் இறங்கி ஓடினார்கள். மர்வாவின் மீது ஏறிப் பார்த்தார்கள். இப்படி ஏழு முறை. அதன் பிறகே ஜம்ஜம் பொங்கியது.

தாகித்த ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் தேடிய தாயின் ஓட்டத்தைத்தான் அல்லாஹ் கியாமத்து நாள் வரை வணக்கமாக ஆக்கி வைத்திருக்கிறான். அதே இடத்தில், நாவறண்டு அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னும் மூன்று சுற்றுத்தான், அழாதே" என்று அதட்டியபடி நாம் ஓடினால், அந்த அமலின் கருத்தை நாம் விளங்கிக் கொண்டோமா? ஸஃயை நிறுத்திவிட்டு, ஓரமாக அமர்ந்து, பிள்ளைக்கு ஜம்ஜம் புகட்டி, அது தெளிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தேவைக்காக இவ்வாறு இடைவெளி விடுவதால் ஸஃயு முறியாது.

"கஷ்டப்பட்டால்தானே ஹஸ்ரத் நன்மை?" என்று நம்மிடம் சிலர் கேட்கிறார்கள். வழியில் தானாக வரும் கஷ்டத்தைப் பொறுத்துக் கொண்டால் நன்மை உண்டு; கஷ்டத்தை நாமே தேடிப் போவதில் நன்மையில்லை. வெயிலில் நின்றே இருப்பேன், நிழலுக்கு ஒதுங்க மாட்டேன் என்று நேர்ந்து கொண்ட அபூ இஸ்ராயீல் என்பவரை நிழலில் உட்காரும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இரு மகன்கள் தாங்கிப் பிடிக்கத் தள்ளாடி நடந்து வந்த முதியவரைக் கண்டு, இவர் தம்மை வதைத்துக் கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்தில் கூறி, வாகனத்தில் ஏறச் சொன்னார்கள். கடும் வெயிலில் லுஹரைச் சற்றுத் தணிந்த நேரத்துக்குப் பிற்படுத்தச் சொன்னார்கள். ஜமாஅத்தில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையையே சுருக்கினார்கள். அவர்கள் ஹஜ்ஜில் கல்லெறியும் வேளையில் பிலால், உஸாமா (ரலி) இருவரில் ஒருவர் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்திருக்க, மற்றவர் துணியை உயர்த்தி வெயில் படாமல் நிழல் செய்தார் என்று ஹதீஸில் வருகிறது. நாயகமே நிழலை ஏற்றிருக்க, நம் பிள்ளைக்குக் குடை பிடிப்பது எப்படி ஈமானுக்குக் குறைவாகும்? தலையில் படாமல் பிடிக்கும் குடை, இஹ்ராமிலுள்ள ஆண்களுக்கும் கூடும்.

இனி வெயிலின் கணக்கைப் பாருங்கள். நம் சேலத்தில் கோடையில் 40 டிகிரியை எட்டினால் ஊரே பேசுகிறது. மக்காவில் மே முதல் செப்டம்பர் வரை பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. 2024 ஹஜ்ஜின்போது, ஜூன் 17 அன்று, ஹரம் ஷரீபில் 51.8 டிகிரி பதிவாயிற்று. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் மரணமடைந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். தங்கக் கூடாரமும் செல்ல வாகனமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக் கொள்வானாக! 2025 ஹஜ்ஜுக்கு 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளை அழைத்து வருவதற்கே தடை விதிக்கப்பட்டது.

கணவர் வளைகுடாவில் வேலை செய்ய, விசிட் விசாவில் பிள்ளைகளோடு செல்லும் சகோதரிகள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அந்த விசாவில் ஹஜ் செய்ய அனுமதியில்லை. எப்படியாவது உள்ளே நுழைந்துவிடலாம் என்று யார் சொன்னாலும் செவி சாய்க்க வேண்டாம். அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்வது கூடாது, பாவம் என்று சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 2024 ஏப்ரலில் தெளிவாக அறிவித்துள்ளது.

ஆகவே, முதல் திட்டம் காலத்தைப் பற்றியது. உம்ராவுக்குக் குறிப்பிட்ட மாதம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் மக்காவில் பகல் வெயில் சுமார் 30 டிகிரி. மதீனாவில் அதைவிடக் குறைவு. நம் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான். பள்ளிக்கூடத்தில் சில நாள் கூடுதலாக விடுப்புக் கேட்டுப் பெறுவது, கோடையில் பிள்ளையை வாட்டுவதைவிட மேல். ஹஜ் நெருங்கும் வாரங்களில் உம்ரா விசா நிறுத்தப்பட்டு, ஹஜ் முடிந்த பிறகே மீண்டும் தொடங்கும் என்பதையும் அறிந்து, தேதியைத் தீர விசாரித்த பின்னரே பணம் கட்டுங்கள். கைக்குழந்தை இருந்தால் ஓரிரு வருடம் தள்ளிப் போடுவதும், பாசமுள்ள பாட்டியிடம் வளர்ந்த பிள்ளையை விட்டுச் செல்வதும் குற்றமல்ல. ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூளைக் காய்ச்சல் தடுப்பூசி அவசியம்; அதைக் கடைசி நாளுக்கு வைக்காமல் முன்கூட்டியே போட்டுக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அமலின் ஒழுங்கு. விமானம் நண்பகலில் இறங்கினால், உடனே தவாஃபுக்கு ஓட வேண்டியதில்லை. இஹ்ராமோடு அறையில் இளைப்பாறி, பிள்ளைகளுக்கு உணவளித்துத் தூங்க வைத்து, இஷாவுக்குப் பின்னரோ பஜ்ருக்கு முன்னரோ செல்லலாம். தவாஃபை முடித்து, களைப்பிருந்தால் ஓய்வெடுத்துப் பின் ஸஃயு செய்யலாம். ஏழு ஓட்டங்களும் சேர்ந்தால் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஐந்து வயதுப் பிள்ளையின் கால்களுக்கு அது பெரிய தூரம். உடல் நலமில்லாத அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களை வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்ய நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்க, பிள்ளையைத் தூக்கிச் செல்வதற்கோ தள்ளுவண்டிக்கோ தயங்க வேண்டாம். தூக்கிச் செல்பவர் தமக்கும் பிள்ளைக்கும் சேர்த்து நிய்யத் செய்தால் ஒரே தவாஃப் இருவருக்கும் நிறைவேறும்.

விவரமறியாப் பிள்ளைக்கு வலியே நிய்யத்தும் தல்பியாவும் சொல்ல வேண்டும். ஹனபி மத்ஹபில் பிள்ளையின் இஹ்ராம் அதன் மீது கட்டாயமாவதில்லை. தொப்பி போட்டாலும், தைத்த சட்டை உடுத்தினாலும், இடையில் விட்டுவிட்டாலும், பிள்ளை மீதும் பெற்றோர் மீதும் பரிகாரம் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் வலியின் மீது பரிகாரம் வரும் இடங்கள் உண்டு. அவர்கள் தம் ஆலிமிடம் கேட்டுச் செல்வது நலம். பெரியவர்கள் மாறி மாறி அமல் செய்யுங்கள். அத்தா தவாஃப் செய்யும் நேரம் அம்மா அறையில் பிள்ளையோடு இருக்கட்டும். அம்மா ஹரமில் அமர்ந்து மனமார துஆக் கேட்கும் நேரம் அத்தா பிள்ளையைப் பார்த்துக் கொள்ளட்டும். பிள்ளை பார்ப்பது பெண்ணுக்கு மட்டும் எழுதி வைத்த வேலையல்ல. ஹிரா மலை ஏறுவது உம்ராவின் அமலில் சேர்ந்ததல்ல. பகல் வெயிலில் பிள்ளைகளை அங்கே ஏற்ற வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீர். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். கோடை வந்தால் கொட்டகையின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பித் தண்ணீர் தெளிப்பார்கள். தீவனத்தை வெயில் ஏறுமுன்பும் பொழுது சாய்ந்த பின்பும் வைப்பார்கள். குடிதண்ணீரில் சத்து மருந்து கலப்பார்கள். முட்டையிடும் கோழிக்கு இத்தனை பக்குவம் பார்க்கும் ஊரில், நம் ஈரக்குலையாகிய பிள்ளைக்குப் பார்க்க வேண்டாமா? தாகம் என்று பிள்ளை கேட்கும் வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே தண்ணீர். வழக்கத்தைவிட அதிக முறை கொடுக்க வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை ஊரிலேயே வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். உதடு காய்ந்து, கண்ணீர் வராமல் அழுது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதிருந்தால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். உடம்பு கொதித்து, பேச்சுத் தடுமாறி, பிள்ளை மயங்கிச் சரிந்தால், நிழலில் கிடத்தி உடம்பெங்கும் ஈரப்படுத்தி விசிறியபடி அக்கணமே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். ஓதிப் பார்ப்பதை வழியில் செய்து கொள்ளலாம்.

இவையெல்லாம் தவக்குலுக்கு மாற்றமாகாது. யமன் நாட்டார் சிலர் கட்டுச்சோறின்றி ஹஜ்ஜுக்குக் கிளம்பி, நாங்கள் தவக்குல் உடையவர்கள் என்று கூறி, மக்கா வந்து மக்களிடம் யாசித்தபோது, பயணத்துக்கு வேண்டியதை எடுத்துச் செல்லும்படி திருமறையில் கட்டளை இறங்கியது. இறையச்சமே சிறந்த கட்டுச்சாதம் என்றும் அதே வசனம் உணர்த்துகிறது. இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். மதீனாப் பள்ளியின் முற்றத்தில் 250 மாபெரும் குடைகள் விரிந்து தொழுவோருக்கு நிழல் தருகின்றன. விருந்தினருக்கு நிழல் செய்வதை ஹரமின் ஊழியர்கள் கடமையாகக் கருதும்போது, பெற்ற நாம் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

நம் பிள்ளை முதன்முதலாகக் கஃபாவைப் பார்க்கும்போது காய்ச்சலிலும் அழுகையிலும் பார்த்தால், அதன் நெஞ்சில் பதிவது கஃபாவா, காய்ச்சலா? வயிறு குளிர்ந்து, தூக்கம் தெளிந்து, அத்தாவின் தோளில் அமர்ந்து இரவின் குளிர்ச்சியில் பார்த்தால், மீண்டும் எப்போது போகலாம் என்று அது நம்மைக் கேட்கும். அந்தக் கேள்வியை அதன் வாயில் வரச் செய்வதும் நம் பொறுப்பே.

யா அல்லாஹ்! உன் வீட்டைக் காணும் பாக்கியத்தை எங்களுக்கும் எங்கள் சந்ததிகளுக்கும் தந்தருள்வாயாக! அன்னை ஹாஜராவின் தவக்குலையும், பிள்ளைக்காக ஓடிய அவர்களின் கால்களையும் எங்களுக்கு அளிப்பாயாக! நீ ஒப்படைத்த அமானிதங்களைக் கருணையோடு பேணும் பெற்றோர்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.