பெயரன்

வண்டலூர் உயிரியல் பூங்காவில் பிறந்த புலிக்குட்டிகளுக்கு முதலமைச்சரே பெயர் சூட்டியதுண்டு. பத்திரிகைகளில் படமும் வந்தது. அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. புலிக்குட்டியின் தாத்தா வந்து, "என் பெயரை ஏன் வைக்கவில்லை?" என்று கேட்கப் போவதில்லை அல்லவா?

மனிதர் வீட்டு விஷயம் அப்படியல்ல. அந்தப் பூங்காவுக்குச் சிறிது தூரத்தில் என் நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். பெயர் அருளப்பன். பேரன் பிறந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். மனிதர் முகத்தில் களையே இல்லை.

"இவான்னு பேர் வெச்சிருக்கான் சார் என் மகன். எங்க அப்பாவோட அப்பா பேர் எனக்கு வந்தது. அது என்னோட நிக்கப் போவுது. அருளப்பன்னு கூப்பிட இவங்களுக்கு வாய் கூசுது போலிருக்கு" என்றார்.

அவர் வருத்தத்தைச் சிறியதென்று நான் நினைக்கவில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே? தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். சாவுக்குப் பிறகும் வீட்டில் தம்மை யாராவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது முதுமைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆனால் அவர் சொன்ன இரண்டு பெயர்களும் என் காதில் சேர்ந்து ஒலித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன்.

எபிரேய மொழியில் யோஹனான் என்று ஒரு பெயர். 'கடவுள் அருள் செய்தார்' என்பது அதன் பொருள். அது கிரேக்கத்தில் இயோவானஸ் ஆயிற்று, லத்தீனில் யோஹானஸ். ஸ்பெயினில் ஹுவான், பிரான்சில் ழான், ஜெர்மனியில் ஹான்ஸ், இங்கிலாந்தில் ஜான், ரஷ்யாவில் இவான். கேரளத்தில் அதுவே உலஹன்னான். அமெரிக்க அரசின் பதிவுகளின்படி 1880 முதல் 1923 வரை ஆண்டுதோறும் ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட பெயர் ஜான்தான். இஸ்லாமியர் வீடுகளில் யஹ்யா என்று வழங்குவதும் இந்த யோவானைத்தான்.

இத்தனை தேசங்களும் ஒலியை எடுத்துக்கொண்டன. தமிழ்க் கத்தோலிக்கரோ பொருளை எடுத்துக்கொண்டு, அருளப்பர் என்றார்கள். 1647-இல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ இங்கே அருளானந்தர் ஆனார். அந்தப் பெயரோடுதான் 1693-இல் ஓரியூரில் தலை கொடுத்தார்.

ஆக, இவானும் அருளப்பனும் ஒரே பெயர். ஒன்று ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு வண்டலூருக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இதை நண்பரிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "என் மகன் இது தெரிஞ்சா வெச்சான்?" என்று கேட்டார்.

"தெரிந்திருக்காது."

"அப்போ அது எனக்கு வெச்ச பேர் இல்லை, சார். தானா வந்து விழுந்தது."

எனக்குச் சுருக்கென்றது. கூட்டத்தில் யாரையோ பார்த்து ஒருவன் கும்பிடுகிறான். நம்மைத்தான் என்று எண்ணி நாமும் கும்பிட்டுவிடுகிறோம். உண்மை தெரிந்ததும் கூசிப்போகிறோம். அறியாமல் செய்த மரியாதை மரியாதையாகுமா? நண்பர் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆனால் இன்னொன்றும் என் நினைவுக்கு வந்தது. அந்த யோவானுக்குப் பெயர் வைத்த கதையே இப்படிப்பட்ட சச்சரவுதான். லூக்கா எழுதிய நற்செய்தியில் அது வருகிறது. பிள்ளைக்குத் தகப்பன் பெயரான சகரியா என்பதையே வைக்க உறவினர் வருகிறார்கள். தாய் மறுத்து, யோவான் என்கிறாள். "உன் உறவில் யாருக்குமே இந்தப் பெயர் இல்லையே!" என்று அவர்கள் மலைக்கிறார்கள். பேச்சிழந்திருந்த கிழத் தகப்பன் ஒரு பலகையை வாங்கி, யோவான் என்றே எழுதிக் காட்டுகிறான். குடும்ப வழக்கத்தை மீறி வந்த பெயர் அது. அதையே குடும்ப வழக்கம் என்று நாம் கட்டிக் காக்கிறோம்!

அருள் என்றால் என்ன? கேட்டு வாங்குவது கடன். உழைத்துப் பெறுவது கூலி. கேளாமல், தகுதி பாராமல் வருவதுதான் அருள். அருளப்பன் என்று பெயர் வைத்துக்கொண்டு, அதைப் பேரனிடம் பாக்கியாக வசூலிக்கலாமா? இப்படியெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். தத்துவம் சொல்வது எளிது. அது என் பெயர் அல்லவே?

உள்ளேயிருந்து அவர் மகன் வந்தான். நாங்கள் பேசியது அவன் காதில் விழுந்திருக்கிறது.

"எனக்குத் தெரியாதுதாம்ப்பா. கூப்பிட நல்லா இருக்குன்னுதான் வெச்சேன்" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "இப்போ தெரிஞ்சுபோச்சு. இனிமே தெரிஞ்சேதான் கூப்பிடுவேன்" என்றான்.

எனக்குக் கிடைக்காத விடை அவனுக்குக் கிடைத்துவிட்டது. நம் வாழ்வில் பெரும்பாலானவை அறியாமல் செய்தவைதாம். பிறந்த வீடு, பேசும் மொழி, செய்யும் தொழில் எதையும் பொருள் தெரிந்து எடுத்துக்கொள்ளவில்லை. பொருள் தெரிந்த பிறகு அதை வைத்துக்கொள்கிறோமா, விட்டுவிடுகிறோமா என்பதில்தான் நம் பங்கு இருக்கிறது. அறியாமல் வைத்த பெயரை அறிந்தபின் வைத்துக்கொள்வது, இரண்டாவது முறை பெயர் வைப்பதுதான்.

நண்பர் ஒன்றும் பதில் பேசவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். அந்த வீட்டுப் பிறப்பு இறப்புகளை எழுதிவைக்கும் நோட்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேதியை மகனிடம் கேட்டு, அதற்கு எதிரே நடுங்கும் கையெழுத்தில் 'இவான்' என்று எழுதினார்.