நோய்க்குப் பொறுப்பாளி யார்?

கடைச் சிப்பந்தி ஒருவர் நோயுற்றுப் படுத்துவிட்டால், நாம் வழக்கமாக இரண்டு காரணங்களில் ஒன்றைச் சொல்லுகிறோம். "எல்லாம் நஸீபு" என்பது ஒன்று. "உடம்பைக் கவனித்திருந்தால் வருமா?" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான வசதி ஒன்று உண்டு: முதலாளியாகிய நம்மை நோக்கி ஒரு கேள்வியும் எழுவதில்லை. அதனாலேயே இக்காரணங்களைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும்.

1906-ல் சிம்சன் என்னும் பிரிட்டிஷ் சுகாதார நிபுணர் சிங்கப்பூருக்கு வந்து, இவ்வூர் மக்கள் அதிகமாக மடிவதன் காரணத்தை ஆராய்ந்தார். 1907-ல் அவர் அறிக்கை வெளியாயிற்று. கடை வீடுகளின் மாடிகள் ஜன்னலற்ற சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, வெளிச்சமும் காற்றும் புகாமல், ஆட்கள் நெருக்கியடித்துக் கிடந்ததை அவர் கண்டார். காசநோய் அங்கே செழித்தது. அவர் சொன்ன முக்கியமான பரிகாரம் மருந்தன்று. வீடுகளுக்குப் பின்னால் சந்து வெட்டுவது!

இது பழங்கதை என்று தள்ள முடியாது. 2020-ல் கொரோனா பரவியபோது, சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருந்தோரில் ஏறத்தாழ 47 சதவீதத்தினருக்கு அவ்வாண்டு இறுதிக்குள் தொற்று ஏற்பட்டதாக அரசாங்கமே அறிவித்தது. வெளியே வசித்தவர்களிடையே அது மிகச் சொற்பம். கிருமி ஒன்றே, படுத்த இடந்தான் வேறு.

தொற்றுநோய்க்கு இது பொருந்தும், இருதய நோய்க்குப் பொருந்துமா எனலாம். 1967-ல் தொடங்கி, லண்டனில் ஏறத்தாழ 18,000 ஆண் அரசாங்க ஊழியரை ஆராய்ந்தார்கள். எல்லாரும் நிரந்தரச் சம்பளக்காரர். பட்டினி கிடந்தவர் இல்லை. இருந்தும், கடைநிலை ஊழியர்கள் மேலதிகாரிகளைவிட மும்மடங்குக்கும் அதிகமாக இருதய நோயால் இறந்தனர். புகைபிடித்தல், இரத்தக் கொதிப்பு முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தில் பெரும்பகுதி எஞ்சி நின்றது. தன் வேலையில் தனக்கென்று ஒரு சொல்லும் இல்லாதிருப்பதும் இருதய நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின.

அப்படியானால் தனி மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. சீனியைக் குறைப்பதும் சிகரெட்டை விடுவதும் அவரவர் கடமையே. ஆனால் ஒருவர்மீது கடமையைச் சுமத்துமுன், அதைச் செய்ய அவருக்கு இயலுமா என்று கேட்பதுதானே நீதி? விடியற்காலை முதல் இரவு வரை கல்லாவுக்கும் சரக்கறைக்கும் இடையே நிற்பவரிடம், "தினமும் நடந்து போ, நேரத்தோடு சாப்பிடு, நன்றாகத் தூங்கு" என்பது புத்திமதியாகாது, பரிகாசமாகும். அவருடைய நேரம் அவர் கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது. அதிகாரம் எவர் கையிலோ, பொறுப்பும் அவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

சிப்பந்தி நோயுற்றபின் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுப்பதை நாம் தர்மமென்று எண்ணுகிறோம். அதில் ஒரு பகுதி தர்மமன்று. நாம் பட்ட கடன். ஆள் குறைவாக வைத்து நாம் மிச்சம் பிடித்த பணத்தில், அவருடைய உடம்பிலிருந்து எடுத்ததும் கலந்திருக்கிறது. நம் பேரேட்டில் அதற்குப் பற்று எழுதப்படவில்லை என்பதால் கடன் இல்லாமற் போய்விடாது.

ஆண்டுதோறும் சரக்கிருப்பு எடுக்கிறோம். அரிசி மூட்டை ஈரம் படுகிறதா, காற்று போகிறதா என்று பார்க்கிறோம். அன்றைக்கே ஆட்கள் தூங்கும் இடத்தையும் ஒருமுறை போய்ப் பார்ப்போம்.