பழி யாரைச் சேரும்?

பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளர்களை வாட்டிய மனத்துயர் முழுவதும் களைப்பாலும் அச்சத்தாலும் வந்ததல்ல. அதில் ஒரு பங்கு குற்றவுணர்வு: பிழைத்திருக்கக்கூடிய ஓர் உயிரைக் கைவிட்டுவிட்டோம் என்ற எண்ணம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம் இதே புண்ணைக் கண்ட அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனதன் ஷே, 1994இல் அதை நூலாக எழுதினார். அறக்காயம் என்று இன்று பேசப்படுவது இதுதான். களைப்பு ஓய்வில் தீரும். தவறு யாருடையது என்ற கேள்வி ஓய்வில் தீராது.

மலேசியாவில் 2021 ஜூலை 13 அன்று ஒரு நாள் தொற்று முதன்முறையாகப் பத்தாயிரத்தைத் தாண்டியது. கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளில் கட்டில் போதவில்லை. நோயாளிகளைப் பார்த்த இளம் மருத்துவர் பலர் 2016இல் வந்த ஒப்பந்த முறையில் வேலை செய்தவர்கள். அம்முறையை எதிர்த்து அம்மாதம் 26ஆம் தேதி அவர்களில் பலர் வெளிநடப்புச் செய்தார்கள்.

லெம்பா பெர்த்தாம் போன்ற மலைப்பகுதியில் பற்றாக்குறையோடு தொலைவும் சேர்ந்துகொள்கிறது. தேயிலைத் தோட்டத்து நோயாளிக்கு அருகில் இருப்பது ரிங்லெட் கிளினிக். அடுத்தது தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் வளைந்து வளைந்து மலையிறங்க வேண்டும். தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்) காலம் தொட்டே இங்கு நோயாளியும் பணியாளரும் முகம் அறிந்தவர்கள். இறந்தவரின் வீட்டாரைத் தாதி மறுவாரமே சந்தையில் பார்க்க நேரும்.

பழி யாருடையது என்ற கேள்விக்குத் தோட்டங்களின் மாரியம்மன் வழிபாட்டில் ஒரு பழைய விடை உண்டு. அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். சாவுக்கு மனிதர் எவரும் பொறுப்பில்லை. கிருமிக்கு அந்த விடையை ஏற்கலாம். கட்டில் எத்தனை, தாதி எத்தனை பேர் என்பதெல்லாம் ஆத்தா போட்ட கணக்கல்ல.

கீதையின் விடை வேறு. வில்லைக் கீழே போட்டுவிட்டுக் கலங்கிய அர்ச்சுனனிடம், கடமையைச் செய், பலனைப் பற்றாதே என்கிறான் கண்ணன். செய்ய வேண்டியதைச் செய்தும் நோயாளியை இழந்த மருத்துவருக்கு இது மெய்யான ஆறுதல். ஆனால் இதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது வேறு, ஆளும் கருவியும் தராத நிர்வாகம் சொல்வது வேறு. நிர்வாகம் சொன்னால் அது தத்துவமல்ல, சாக்கு.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் இங்கே நினைவுக்கு வருகிறான். பொய் சொன்னவன் பொற்கொல்லன், வாள் வீசியவன் காவலன். அரசன் இருவரையும் கைகாட்டவில்லை. கோவலன் சாவைத் தன் பழியாக ஏற்று அரியணையிலேயே உயிர்விட்டான். மதுரையில் பழி மேலே ஏறியது. பெருந்தொற்றில் அது கீழே இறங்கி, கட்டிலருகே நின்றவர் தலையில் விழுந்தது.

2020 மார்ச்சிலேயே மலேசிய சுகாதார அமைச்சும் மெர்சி மலேசியாவும் தொலைபேசி வழி மனநல ஆலோசனை தொடங்கின. அது தேவையான உதவி. ஆனாலும், பற்றாக்குறைக்குப் பொறுப்பானவர்கள் அதை வாய்திறந்து ஏற்காதவரை, எந்த ஆலோசனையும் அந்தத் தாதியின் பாதிச் சுமையைத்தான் இறக்கும்.