பில்லின் கடைசி வரி

நானூறு ரூபாய் பில்லுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்தால், அனுபவமுள்ள சர்வர் மீதியை ஒரே நூறு ரூபாய்த் தாளாகக் கொண்டுவர மாட்டார். ஒரு ஐம்பது, இரண்டு இருபது, ஒரு பத்து என்று கல்லாவில் கேட்டு மாற்றி வாங்கி, சோம்பும் கற்கண்டும் இருக்கும் தட்டில் விரித்து வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார். வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்டால் மேனேஜரிடம் புகார் போகும். தட்டிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று வாடிக்கையாளர் யோசிக்கும் சில விநாடிகளில் ஒரு தொழிலாளியின் அன்றைய வருமானத்தில் ஒரு பகுதி முடிவாகிறது. இட்லி சாப்பிட வந்தவருக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது?

கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார். வாங்குபவர் சிரித்த முகத்தோடு வாங்குகிறார். முதலாளிக்கு இதில் செலவே இல்லை. சிக்கல் இந்த மூன்றாவது விஷயத்தில்தான் இருக்கிறது. ஆள் எடுக்கும்போதே "சம்பளம் இவ்வளவு, மேற்கொண்டு டிப்ஸ் வரும்" என்று பேசும் வழக்கம் பல ஓட்டல்களில் உண்டு. அப்படிப் பேசி முடித்த அந்த நிமிடமே டிப்ஸ் அன்பளிப்பாக இல்லாமல் போய்விடுகிறது. முதலாளி தர வேண்டிய கூலியில் ஒரு பங்கு, இனிமேல் வரப்போகும் வாடிக்கையாளர்கள் தலையில் ஏறிவிட்டது. அவர்களுக்கு அது தெரியாது. தங்கள் தாராள மனசு என்றே நினைத்துக்கொண்டு பத்து ரூபாயை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கூலி என்பது கடன். அதைக் கொடுக்க நல்ல மனசு தேவையில்லை. கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கலாம், தொழிலாளர் துறையில் முறையிடலாம். தமிழ்நாட்டில் ஓட்டல் தொழிலாளர்களுக்கென்று 1958-லேயே தனிச் சட்டம் வந்தது. குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்படும் தொழில்களில் ஓட்டல் வேலையும் ஒன்று. டிப்ஸுக்கு இந்த வலு எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் கொடுத்து நிர்வாகம் பிரித்துத் தரும் டிப்ஸ் சம்பளம் ஆகாது என்று 2016-இல் ஐ.டி.சி. நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வருமான வரிப் பிடித்தம் பற்றிய வழக்கு அது. ஆனால் சர்வரின் வாழ்க்கையில் அந்த வேறுபாடு வரியோடு நிற்பதில்லை. டிப்ஸாக வரும் ரூபாய் பி.எஃப். கணக்கில் ஏறாது. வங்கியில் கடன் கேட்கும்போது சம்பளச் சீட்டில் தெரியாது. காய்ச்சலில் நான்கு நாள் படுத்தால் வராது. புரட்டாசியில் அசைவ ஓட்டலில் கூட்டம் குறைந்தால் அதுவும் குறையும், வீட்டு வாடகை மட்டும் குறையாது. மாதம் பிறந்தால் எவ்வளவு கையில் இருக்கும் என்று தெரியாமல் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய ஒருவருக்கு, "டிப்ஸ் நல்லா வருமே" என்பது ஆறுதல் ஆகாது.

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்கா கண்முன்னே இருக்கிறது. தொழிலாளி பெறும் டிப்ஸை, முதலாளி தான் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலியில் கழித்துக்கொள்ள 1966-இல் அங்கே சட்டமே வழிவிட்டது. இப்போது டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டியதாக மத்திய சட்டம் சொல்லும் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-இலிருந்து அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலர் வராவிட்டால் குறையை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று விதி உண்டு. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்தக் கழிவை அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் மாநிலங்களில் டிப்ஸ் வைக்காமல் எழுந்து போவது ஒருவருடைய சம்பளத்தைப் பிடித்துவைப்பதற்குச் சமம். அதைவிடக் கொடியது இன்னொன்று. தோளில் கை வைக்கிற வாடிக்கையாளரிடம் முகம் சுளித்தால் அன்றைய வரும்படி போய்விடும் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே காப்பி ஊற்ற வேண்டியிருக்கிறது. கூலியைத் தீர்மானிக்கும் உரிமை மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் போனால், பரிமாறுபவரின் மானமும் அதோடு சேர்ந்தே போகும். நம் ஊர்ச் சட்டம் அந்தக் கழிவை அனுமதிக்கவில்லை. ஆனால் "மேற்கொண்டு டிப்ஸ் வரும்" என்ற அந்த ஒரு வாக்கியம் அதே வேலையைச் சட்டமில்லாமலே செய்துவிடுகிறது.

டிப்ஸ் நிச்சயமில்லை என்பதால்தான் சர்வீஸ் சார்ஜ் வைக்கிறோம் என்று சில உணவகங்கள் சொல்கின்றன. பெருநகரங்களின் பெரிய ரெஸ்டாரண்டுகளில், பில்லின் கடைசியில், ஜி.எஸ்.டி.க்கு மேலே ஒரு வரியாக அது வந்து உட்காரும். பெரும்பாலும் 10 சதவீதம். சாப்பாடு 1,000 ரூபாய் என்றால் சர்வீஸ் சார்ஜ் 100. இரண்டையும் கூட்டி, 1,100-க்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 55 ரூபாய். மொத்தம் 1,155. சர்வீஸ் சார்ஜ் இல்லையென்றால் 1,050 கொடுத்துவிட்டு எழுந்திருக்கலாம். அதுவும் அரசாங்க வரிதான் என்று நம்பிக் கட்டிவிட்டுப் போனவர்கள் ஏராளம். சர்வீஸ் டாக்ஸ் என்ற உண்மையான வரி இருந்த காலத்தில் இந்தக் குழப்பம் உணவகங்களுக்கு நன்றாகவே உதவியது.

இது கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2017-இல் சொன்னது. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இன்னும் கறாராகச் சொன்னது: தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, கட்ட மறுப்பவரை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லக் கூடாது, அதன்மேல் ஜி.எஸ்.டி. போடக் கூடாது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதம் இடைக்காலத் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, ஆணையத்தின் நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தார். மனுச் செய்த சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தார். அவர்கள் மேல்முறையீட்டுக்கும் போயிருக்கிறார்கள். வாடிக்கையாளர் தாமாக விரும்பிக் கொடுப்பதைத் தீர்ப்பு தடுக்கவில்லை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உணவகங்களின் வாதத்தில் எளிதில் தள்ளிவிட முடியாத ஒன்று இருக்கிறது. டிப்ஸ் கண்ணில் படுகிறவருக்கு மட்டுமே போகிறது. தட்டை வைத்தவருக்குக் கிடைக்கிறது. அதே தட்டை எடுத்து, சாம்பார் சிந்திய மேசையை ஈரத்துணியால் துடைத்த பையனுக்குக் கிடைப்பதில்லை. கல்லின் முன்னால் வெந்துகொண்டு நிற்கும் தோசை மாஸ்டருக்குக் கிடைப்பதில்லை. பின்கட்டில் சோப்புத் தண்ணீரில் கை ஊறிப்போக அண்டா தேய்க்கும் அக்கா டிப்ஸ் என்ற ஒன்றைப் பார்த்தே இருக்க மாட்டார். பில்லோடு வசூலித்தால் எல்லோருக்கும் பங்கு பிரிக்கலாம் என்று உணவகங்கள் சொல்வது நியாயமான பேச்சு. டிப்ஸ் பழக்கத்தின் மிகப் பெரிய அநீதியை அது சரியாகச் சுட்டுகிறது.

ஆனால் பங்கு பிரிக்கிறார்களா என்பது பில்லில் இல்லை. அந்த 100 ரூபாயில் அண்டா தேய்ப்பவருக்கு எத்தனை, மாஸ்டருக்கு எத்தனை, நிர்வாகச் செலவு என்று நின்றது எத்தனை என்று கேட்டால் கேப்டனுக்கே தெரியாது. பிரிட்டனில் 2023-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். டிப்ஸ் ஆனாலும் சர்வீஸ் சார்ஜ் ஆனாலும் முழுத் தொகையும் ஊழியருக்கே போக வேண்டும், எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதற்கு எழுத்தில் கொள்கை இருக்க வேண்டும் என்றது அது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியின் பெயரைச் சொல்லி வாங்கும் பணத்துக்கு இவ்வளவாவது கணக்கு வேண்டும்.

கணக்கு காட்டினால் போதுமா? போதாது. எல்லோருக்கும் பங்கு தர வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கும் உணவகம், அந்த 10 சதவீதத்தை உணவின் விலையில் சேர்த்து, சம்பளமாகவே கொடுத்துவிடலாம். பிரான்சில் மெனுவில் போட்டிருக்கும் விலையிலேயே பரிமாறும் கூலியும் அடக்கம். 100 ரூபாய் தோசையை 110 என்று போர்டில் எழுதுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஏன் எழுதுவதில்லை? 110 என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம்தான். மெனுவில் குறைந்த விலையைக் காட்டி உட்கார வைத்து, வயிறு நிறைந்த பிறகு மீதியைச் சொல்வதில் இருக்கும் நேர்மைக்குறைவு முதலாளியுடையது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் பயப்படும் ஆட்களும் நாம்தான். பத்து ரூபாய் ஏற்றியதற்கு "கொள்ளையடிக்கிறான்" என்று திட்டிவிட்டு, அடுத்த கடையில் மலிவாகச் சாப்பிட்டு, அந்தக் கடையில் சம்பளம் என்ன என்று கேட்காமல், போகும்போது இருபது ரூபாய் டிப்ஸ் வைத்துவிட்டு மனநிறைவோடு போகிறவர்களிடமும் இந்தக் கணக்கில் ஒரு பங்கு இருக்கிறது. மலிவு யாரோ ஒருவர் கூலியிலிருந்து வந்தது.

டிப்ஸை மார்க் போடுவதுபோலப் பயன்படுத்தும் பழக்கமும் இங்கே ஆராயப்பட வேண்டியது. தோசை இருபது நிமிடம் கழித்து வந்தது, அதனால் இன்று எதுவும் கிடையாது என்று சில்லறையை வழித்துப் பையில் போட்டுக்கொள்கிறார் ஒருவர். தாமதம் சமையற்கட்டில் நடந்தது. ஐந்து மேசைக்கு இருவர் வேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்தியது மேனேஜர். அடி விழுவது மட்டும் சர்வர் மேல். குறை இருந்தால் மேனேஜரிடம் சொல்லலாம், அடுத்த முறை வராமல் இருக்கலாம். கூலியின் ஒரு பங்காக ஆகிவிட்ட பணத்தைத் தண்டனையாக நிறுத்திவைக்கும் உரிமை ஒரு வேளை சாப்பாட்டின் விலையோடு சேர்ந்து வருவதில்லை. மறுபக்கமும் உண்டு. நண்பர்கள் முன்னால் ஐந்நூறை நீட்டி, சர்வரைத் தன் ஆள் ஆக்கிக்கொண்டு, அடுத்த மேசைக்காரருக்கு முன்னால் தனக்குப் பரிமாற வைப்பது. அந்தப் பணம் வாங்குபவரைச் சிறுமைப்படுத்துகிறது, காத்திருப்பவரையும் ஏமாற்றுகிறது. கொடுப்பதானால் எல்லா நாளும் ஒரே அளவாக, மனநிலை பார்க்காமல் கொடுப்பதே மரியாதை.

செல்போனில் பணம் கட்டும் வழக்கம் வந்தபின் இதெல்லாம் சத்தமில்லாமல் மாறிக்கொண்டிருக்கிறது. பில் 387 என்றால் 387-ஐயே ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறோம். தட்டில் மீதி என்று ஒன்று வருவதே இல்லை. விலையும் ஏறவில்லை, சம்பளமும் ஏறவில்லை, சில்லறை மட்டும் நின்றுபோயிற்று. யாரும் கஞ்சத்தனம் செய்ய முடிவெடுக்கவில்லை. ஆனாலும் வருமானம் குறைந்தது. வட மாநிலத்திலிருந்து வந்து, ஓட்டல் மாடியில் ஆறு பேரோடு ஒரு அறையில் படுத்து, மாதச் சம்பளத்தை அப்படியே ஊருக்கு அனுப்பிவிட்டு டிப்ஸில் கைச்செலவைப் பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கு அது சின்ன இழப்பு அல்ல. சட்டைப் பையில் இரண்டு பத்து ரூபாய்த் தாள் வைத்துக்கொண்டு போவது பெரிய சிரமம் இல்லை. அதில் ஒன்றை மேசை துடைக்கும் பையன் கையிலேயே கொடுக்கலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் பொதுவான டிப்ஸ் பெட்டி இருந்தால், அதை யார் திறக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறவருக்கும் பங்கு உண்டா என்று சர்வரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதில் போடலாம்.

கடைசியாக, தீர்ப்பைத் தெரிந்துவைத்திருக்கும் வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1,155 ரூபாய் பில்லைத் திருப்பி அனுப்புகிறார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்வேன் என்கிறார். மேனேஜர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு வேறு பில் போட்டுத் தருகிறார், 1,050. சட்டப்படி அவர் செய்தது முழுக்கச் சரி. இன்னும் நாலு பேர் அப்படிக் கேட்டால்தான் அந்த வரி பில்லிலிருந்து போகும். ஆனால் அந்த 105 ரூபாயையும் பையில் போட்டுக்கொண்டு அவர் நேரே வாசலுக்குப் போனால், முதலாளியோடு நடந்த வழக்கில் தோற்றவர் சர்வர் ஆகிவிடுகிறார். சர்வீஸ் சார்ஜ் இருக்கிறது என்று சொல்லியே அவருக்கு டிப்ஸ் இல்லாமல் செய்திருந்தார்கள், இப்போது இரண்டும் இல்லை. மறுப்பது உரிமை. மறுத்த தொகையில் ஐம்பதையாவது தனக்குப் பரிமாறியவரின் கையில் நேராகக் கொடுத்துவிட்டு, "இது உங்களுக்கு, கல்லாவுக்கு இல்லை" என்று சொல்லிப் போகிறவர் மட்டுமே, தான் எதிர்த்தது முதலாளியின் தந்திரத்தைத்தான், தொழிலாளியின் கூலியை அல்ல என்று சொல்லிக்கொள்ள முடியும்.