அழித்தால் அகலுமா குறை?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களில் பல, மேல்சித்தாமூர்த் தேர்விழாவிற்கும் உறவினர் இல்லத் திருமணங்களுக்கும் பழைய பெட்ரோல் கார்களிலேயே சென்று வருகின்றன. அவற்றுள் சிலவற்றில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் கருவியைப் பொருத்திக் குறியீட்டை அழிக்கிறார். சில நாள்களில் விளக்கு மீண்டும் எரிகிறது. வண்டியோ நன்றாகவே ஓடுகிறது. ஓடும் வண்டிக்கு வைத்தியம் எதற்கு? இவ்வினாவை அறவினாவாகவும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெயிலில் பெட்ரோல் தொட்டியிலிருந்து ஆவி எழும். கரித்தூள் நிரம்பிய கலம் ஒன்று அதனை ஈர்த்து வைக்கும். எஞ்சின் ஓடுகையில் ஒரு வால்வு திறந்து அவ்வாவியை எஞ்சினுள் செலுத்தி எரிக்கும். இவ்வமைப்பில் கசிவு நேர்ந்தால், அதனைச் சோதிக்கும் கணினியுள்ள வண்டிகள் பி0442 எனச் சிறு கசிவையும், பி0455 எனப் பெருங்கசிவையும் குறிக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர், இத்தகைய ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கூடி ஓசோனை விளைவிப்பதை 1950களில் மெய்ப்பித்தார். நிலமட்டத்து ஓசோன் நுரையீரலை வருத்தும், பயிரையும் கெடுக்கும்.

கணினி இச்சோதனையை எல்லாப் பயணத்திலும் செய்வதில்லை. எரிபொருள் அளவும் வெப்பநிலையும் பொருந்தும்போதே செய்யும். ஆகவே, அழித்தபின் விளக்கு எரியாதிருப்பது நலத்தின் அடையாளமன்று. சோதனை இன்னும் நடைபெறவில்லை என்பதே பொருள்.

ஆசிரியப் பயிற்சியில் குறையறி சோதனை, குறைதீர் கற்பித்தல் என இரண்டு பாடங்கள் உண்டு. மாணவன் ஒரே கணக்கில் மீண்டும் மீண்டும் தவறினால், விடையை அழிப்பான் கொண்டு அழிப்பதால் பயனில்லை. எந்தப் படியில் பிறழ்ந்தான் என்று காணல் வேண்டும். இங்கும் அவ்வாறே. முதலில் தொட்டி மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்க்கலாம். பின்னர்க் குழாய்களின் வெடிப்பு, வால்வு, கரிக்கலம் எனச் செல்லலாம். அப்போதும் புலப்படாவிடில், குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்தி, அது வெளிவரும் இடத்தைக் கண்டறியலாம். பங்க்கில் பெட்ரோல் குழாய் தானே நின்றபின் மேலும் நிரப்பச் சொல்வதும் கரிக்கலத்தைக் கெடுக்கும்.

புகைச் சான்றிதழ் இருக்கிறதே எனச் சிலர் கேட்கலாம். அச்சோதனை பின்குழாய்ப் புகையை மட்டுமே அளக்கிறது. நிற்கும் வண்டியிலிருந்து கசியும் ஆவியை அளப்பதில்லை. சட்டம் காணாத தீங்கும் தீங்கே.

ஊறு செய்யும் எண்ணம் நமக்கில்லையே எனலாம். விளக்கு எரியுமுன் அவ்வாதம் பொருந்தும். எரிந்தபின் அறியாமை நீங்கிவிடுகிறது, எஞ்சுவது அசட்டை. அசட்டையை இம்சையின் வேர் என்றே நம் முன்னோர் கருதினர். வினை வரும் வாயிலை அவர்கள் ஊற்று என்றதும், அதனை அடைப்பதைச் செறிப்பு என்றதும் இங்கு நினையத்தக்கன.

பொருள் முடையால் உடனே பழுது நீக்க இயலாதவரை நாம் குறை கூறோம். அவர் மூடியையேனும் மாற்றலாம்; எஞ்சியதைப் பின்னர்ப் பார்க்கலாம். ஆனால், விற்கும் நாளன்று குறியீட்டை அழித்து, வாங்குபவரிடம் குறையில்லை என்பது பொய்யும் களவும் சேர்ந்த செயல். விலை சற்றுக் குறையினும், உள்ளதைச் சொல்லி விற்பதே இல்லறத்தார்க்கு உரிய நெறி.