முத்திரை உடைந்த பொருள்

ஒரு பொருளைச் செய்தவர், "இதன் காலம் முடிந்தது" என்று அறிவித்துவிட்டார். பொருளோ பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் காலத்தை நீட்டிக்க உடைமையாளருக்கு உரிமை உண்டா? உண்டென்றால் அவ்வுரிமை எதுவரை செல்லும்? ஆவடியை அடுத்த கோவில்பதாகையில், நம் தமக்கையார் இல்லத்துக் கூடத்தில், ஒரு மாலைப் பொழுதில் இவ்வினா நம்முன் வைக்கப்பட்டது. வைத்தவன் தமக்கையாரின் இளைய மகன். அவன் கையில் இருந்தது ஒரு பழைய மாக் மடிக்கணினி.

பிள்ளை நூல்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பவன். நிக்காஹ் அழைப்பிதழ்களும் செய்வான். 2012ஆம் ஆண்டு மாதிரியான அந்த 13 அங்குல மாக்புக் புரோவை 2023இல் பழைய கணினி விற்கும் கடையொன்றில் வாங்கினான். திரையில் 'வென்ச்சுரா' என்ற பெயர் தெரிந்தது. முந்திய ஆண்டு வெளிவந்த இயங்குதளம் அது. கணினி பழையதாயினும் உள்ளே இருப்பது புதியது என்று நம்பி மகிழ்ந்தான். சில மாதங்கள் கழித்து, அடுத்த பதிப்பான 'சோனோமா' வந்துள்ளது என்று கணினியே அறிவிக்க, இரவில் அதற்கான பொத்தானை அழுத்திவிட்டு உறங்கப் போனான். காலையில் பார்த்தால் வைஃபை இல்லை. திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அது எறும்பு ஊர்வது போல் ஊர்ந்து வருகிறது. அன்று மாலைக்குள் அச்சகத்துக்குச் சேர வேண்டிய திருமண அழைப்பிதழ் ஒன்று அதனுள் இருந்தது.

அந்தக் கணினிக்கு அந்த இயங்குதளத்தை ஆப்பிள் நிறுவனம் என்றுமே வழங்கியதில்லை என்பதைத் தொழில் தெரிந்த நண்பன் ஒருவன் சொல்லித்தான் அவன் அறிந்தான். 'ஓப்பன்கோர் லெகசி பேட்சர்' என்னும் இலவச மென்பொருளின் துணையால் யாரோ அதை ஏற்றியிருந்தார்கள். கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. நல்லவேளையாக அம்மாதிரியில் இணையக் கம்பியைச் செருகும் துளை உண்டு. கம்பியைச் செருகி, நண்பன் சொன்னபடி ஒட்டு வேலையை மறுபடியும் செய்து, நண்பகலுக்குள் மீண்டான். பிறகு அக்கலையில் தேர்ந்தும் விட்டான். 2024இல் வந்த 'செக்கோயா'வையும் அதில் தானே ஏற்றினான். இப்போது வேறு கணினி வாங்கப் போகிறான். இதை விற்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகளுக்காக ஒருவர் கேட்டிருக்கிறார்.

"மாமா, அவர் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கேட்கவில்லை என்றால் நானாகச் சொல்ல வேண்டுமா? நன்றாகத்தானே ஓடுகிறது?"

நாம் உடனே விடை கூறவில்லை. விடை கூறுமுன் பொருளை அறிய வேண்டுமன்றோ?

ஆப்பிள் நிறுவனம் ஆண்டுதோறும் தன் கணினிகளுக்கு ஒரு புதிய இயங்குதளத்தை வெளியிடுகிறது. 2013 முதல் அதற்கு விலை இல்லை. ஆனால் எந்தெந்த மாதிரிகள் அதைப் பெறலாம் என்றொரு பட்டியல் உண்டு. 2012ஆம் ஆண்டு மாக்புக் புரோவுக்கு 2019இல் வந்த 'கேட்டலினா'வே இறுதி. 2020இல் வந்த 'பிக் சர்' அதற்குக் கதவடைத்தது. கேட்டலினாவுக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2022உடன் நின்றன. கூகுளின் குரோம் உலாவி 2024இல் கேட்டலினாவைக் கைவிட்டது. கணினியின் விசைப்பலகையும் திரையும் செயலியும் அப்படியே இருக்க, ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வந்தது. இவற்றுள் நம்மை நெடுநேரம் எண்ண வைத்த செய்தி ஒன்று உண்டு. 13 அங்குல 2012 மாதிரியை அந்நிறுவனம் 2016 அக்டோபர் வரை புதியதாகவே விற்றுக்கொண்டிருந்தது. அவ்வாண்டு அதை வாங்கியவருக்குப் புதிய பதிப்புகள் கிடைக்கும் வாய்ப்பு நான்கே ஆண்டுகளில் முடிந்துபோயிற்று.

இதை வஞ்சகம் என்று கூறிவிட நாம் விரைய மாட்டோம். பழைய வரைவியல் சில்லுக்கும் பழைய வைஃபை அட்டைக்கும் ஆண்டுதோறும் மென்பொருள் எழுதிச் சோதிப்பது செலவும் உழைப்பும் உள்ள வேலை. 2020 முதல் அந்நிறுவனம் இன்டெல் செயலியை விட்டுத் தன் சொந்தச் செயலிக்கு மாறியது. 2025இல் வந்த 'டாஹோ'வே இன்டெல் மாக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று அறிவித்தும் விட்டது. செய்தவர் ஒரு நாள் நிறுத்தத்தான் வேண்டும். அந்த நாள் எது என்பதை விற்கும்போதே சொன்னாரா என்பதே கேள்வி.

ஒட்டு வேலை நடக்கும் விதம் அறநூல் படிப்போர்க்குச் சுவையானது. கணினி விழித்தெழும் வேளையில் ஓப்பன்கோர் முதலில் எழுந்து, பின்னால் வரும் இயங்குதளத்தின் செவியில் சில சொற்களை ஓதுகிறது. "நீ இருப்பது மெய்யான கணினியில் அன்று, வேறொரு கணினிக்குள் உருவாக்கப்பட்ட மெய்நிகர்க் கணினியில்" என்பது அவற்றுள் ஒன்று. மெய்நிகர்க் கணினியாயின் பட்டியலைப் பார்க்கும் கட்டாயம் இல்லை. இயங்குதளம் புதுப்பிப்பைத் தடையின்றி ஏற்கிறது. இது பொய்யன்றோ என்று வினவினான் பிள்ளை. பொய் என்பது ஒரு மனிதர் மற்றொரு மனிதரை நம்ப வைத்து ஏமாற்றுவது. இயந்திரத்துக்கு நம்பிக்கையும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. தன் வீட்டுப் பூட்டின் சாவி தொலைந்தால் கம்பியால் திறப்பவர் பூட்டிடம் பொய் சொன்னவர் ஆகார்.

ஆனால் அடுத்த படி அவ்வளவு எளிதன்று. பிக் சர் முதலாக, இயங்குதளத்தின் மூலக் கோப்புகள் ஒரு முத்திரையுடன் வருகின்றன. அரக்கு முத்திரை அன்று; கணக்கால் ஆன முத்திரை. ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. கேடு விளைவிக்கும் நிரல் ஏதும் உள்ளே நுழைந்து மாற்றவில்லை என்பதற்கு அதுவே சான்று. 2012 மாதிரியின் வரைவியல் சில்லை இயக்கும் பகுதிகளை 2021இல் வந்த 'மான்டெரே' நீக்கிவிட்டது. அவற்றை மறுபடியும் வைக்க வேண்டுமானால் முத்திரையை உடைத்தே ஆக வேண்டும். கணினியின் காவலையும் ஓரளவு தளர்த்த வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்பும் அவ்வொட்டுகளைக் களைந்துவிடும். மறுபடியும் ஒட்ட வேண்டும். நம் பிள்ளையின் காலைப் பொழுது கெட்டது அதனால்தான்.

ஆக, நீட்டித்த ஆயுளுக்கு ஒரு விலை உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கேட்டலினாவோடு இருப்பது ஓர் ஆபத்து. திருத்தங்கள் வரும், ஆனால் முத்திரை உடைந்த செக்கோயாவோடு இருப்பது வேறோர் ஆபத்து. எது சிறிது என்பதை அவரவர் பயன்பாட்டை வைத்தே சொல்ல இயலும். லினக்ஸை ஏற்றிக்கொண்டால் இந்த இக்கட்டே இல்லை என்பார் உளர். மெய்தான், ஆனால் பிள்ளையின் பக்க அமைப்பு மென்பொருள் அதில் ஓடாதே!

பழையதற்குப் புதிய உயிர் கொடுப்பது இவ்வூர்ப் பக்கத்துக்குப் புதிதும் அன்று. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. கோவில்பதாகையில் அதன் பெயரை அறியாத வீடு இராது. இந்தியாவுக்கு 1970களின் இறுதியில் வரத்தொடங்கிய டி-72 டாங்கிகள் பிற்பாடு அங்கேயே செய்யப்பட்டன. அந்த டாங்கிகளின் 780 குதிரைத்திறன் எஞ்சினை நீக்கி 1000 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்த, 2025 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. ஆவடியிலேயே அவ்வெஞ்சினைச் செய்வதற்கான தொழில்நுட்பமும் அதில் அடங்கும். நாற்பது ஆண்டைக் கடந்த வடிவத்துக்குப் புது நெஞ்சு! வேறுபாடு ஒன்றுதான்: அங்கே செய்தவரின் இசைவு உண்டு, வரைபடம் உண்டு, பொறுப்பேற்போர் உண்டு. பழைய மாக்குக்கு உயிர் கொடுப்பவர்களோ ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள். தவறு நேர்ந்தால் கேட்க ஆளில்லை.

இசைவு என்றதும் உரிம ஒப்பந்தம் நினைவுக்கு வரும். இயங்குதளத்தை ஏற்றும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்துகிறோமே, அது. ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டும் ஏற்றலாம் என்பது அதன் நிபந்தனை. 2008இல் வேறு கணினிகளில் அதை ஏற்றி விற்ற சைஸ்டார் என்னும் அமெரிக்க நிறுவனம் 2009இல் ஆப்பிளிடம் வழக்கில் தோற்றது. 2011இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. பிள்ளையின் கணினி ஆப்பிளுடையதே. எனவே அந்த நிபந்தனை மீறப்படவில்லை. மென்பொருளைத் திருத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அங்கே இருக்கிறது. யாரும் படிக்காத ஒப்பந்தம்தானே என்று அதைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஒப்பிய சொல் ஒப்பிய சொல்லே. ஆயினும், தான் விலை கொடுத்து வாங்கிய கருவி தன் மேசையில் இயங்குவதற்காக, ஒருவர்க்கும் இழப்பின்றி ஒட்டுப் போடுபவரைத் திருடரோடு சேர்த்து எண்ணவும் நாம் இசையோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு குவிந்தது. முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடே. வீண்விரயத்தைக் குற்றமென்று கற்ற வீட்டுப் பிள்ளை, ஓடும் கணினியைக் குப்பையில் போட மறுத்ததில் வியப்பென்ன?

தன் மேசையில் இருக்கும் வரை ஆபத்தும் அவனுடையது, தெரிந்தே ஏற்றுக்கொண்டது. விற்கும் நொடியில் ஆபத்து கைமாறுகிறது, அறிவு கைமாறுவதில்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடியில் ஈரத்தைக் கண்டதையும், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லையா என்று வினவியதையும் நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். அவ்வணிகர் தானியத்தை நனைக்கவில்லை, மழை நனைத்தது. ஈரத் தானியத்தை விற்கக் கூடாது என்ற தடையும் அங்கே இல்லை. ஈரம் அடியில் இருந்ததுதான் குற்றம்.

பிள்ளையிடம் இதைக் கூறியபோது அவன் முகம் சற்றே சிவந்தது. "எனக்கு விற்றவர் சொல்லவில்லையே, மாமா. நான் மட்டும் ஏன் விலை குறைய வேண்டும்?" என்றான். நியாயமான சினம்தான். ஆயினும் அவன் பட்ட கடன் அந்தக் கடைக்காரரிடம். வாங்க வருபவரிடம் அதை வசூலிக்க வழியில்லை.

இதே அளவுகோலை ஏழைப் பிள்ளையிடம் மட்டும் நீட்டிவிட்டுப் பெருநிறுவனத்திடம் மடக்கி வைத்துக்கொள்வது முறையாகாது. 2016இல் அந்தக் கணினியை விற்றபோது அதன் ஈரம் எங்கே இருந்தது? பெட்டியின் மேல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைப்படுத்திய விதிகள், ஒரு கைப்பேசி மாதிரியைச் சந்தைக்கு அனுப்புவது நின்ற பின்னரும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும் என்கின்றன. எண்ணத் தொடங்கும் நாளைக் கவனியுங்கள்: மாதிரி பிறந்த நாள் அன்று, விற்பனை முடிந்த நாள்! பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், இணையத்தோடு இணையும் பொருள்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை என்பதைச் செய்வோர் அறிவிக்க வேண்டும். ஆனால் முன்னது கைப்பேசிக்கும் பலகைக் கணினிக்கும் உரியது. பின்னது மடிக்கணினிக்கு விலக்களித்துவிட்டது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையவாயிலையும் திறந்தது. பெட்டியின் மேல் ஒரு தேதியை அச்சிடுவதற்கு இத்தனை தயக்கம் ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை. பால் பொட்டலத்தில் அச்சிடுகிறார்களே!

பிள்ளை அன்றிரவே ஒரு தாளில் எழுதினான். மாதிரி 2012, செய்தவர் கொடுத்த கடைசிப் பதிப்பு கேட்டலினா, இப்போது உள்ளது செக்கோயா, ஒட்டுப் போட்டது, முத்திரை உடைந்துள்ளது, புதுப்பிப்பு என்று திரையில் வந்தால் அழுத்துமுன் என்னை அழைக்கவும். கீழே தன் கைப்பேசி எண்ணை இட்டான். வங்கிக் கணக்கை இதில் திறக்க வேண்டாம் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னோம். சிறிது தயங்கிச் சேர்த்தான்.

வாங்க வந்தவர் தாளைப் படித்துவிட்டு, "இவ்வளவு இருக்கிறதா, பாய்?" என்று நம்மைப் பார்த்தார். பிறகு, மகளைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிப் போனார். மறுநாள் வரவில்லை. தமக்கையார் நம்மைப் பார்த்த பார்வையில், பிள்ளையின் வியாபாரத்தைக் கெடுத்தாய் என்ற சொல் இருந்தது. மூன்றாம் நாள் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் தாளை வாங்கி இருமுறை படித்தாள்.

"முத்திரை உடைந்தது என்றால் என்ன அண்ணா?" என்று கேட்டாள்.

அவன் கணினியைத் திறந்து வைத்து விளக்கத் தொடங்கினான். தமக்கையார் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போகும் வரை அந்த விளக்கம் நீண்டது. விலையில் இரண்டாயிரம் ரூபாய் குறைந்தது.