200 மீட்டர் கோடு

1995 ஆகஸ்ட் 4, விடியற்காலை. குரோஷியாவின் க்னின் நகரில் பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கின. செர்பியக் கிளர்ச்சியாளர்களின் தலைநகராக இருந்த ஊர் அது. மறுநாளே குரோஷியப் படை உள்ளே நுழைந்தது.

குறி யார்மீது? இராணுவத்தின் மீதா, ஊர்மக்கள் மீதா?

அப்போது நகரில் இருந்த ஐ.நா. அதிகாரிகள் சிலர், குண்டுகள் ஊரெங்கும் விழுந்ததாகச் சாட்சி சொன்னார்கள். பின்னர் சேதத்தைப் பார்வையிட்ட ஐ.நா. கண்காணிப்பாளர்களோ, அது பெரும்பாலும் இராணுவ இலக்குகளை ஒட்டியே இருந்ததாக எழுதினார்கள். இவர்களில் ஒருவர் பொய்யராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதுங்கியிருப்பவருக்குக் கிடைப்பது ஓசை. பிறகு வருபவருக்குக் கிடைப்பது தடயம்.

முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் இரண்டையும் எடைபோட்டது. குறைந்தது 900 குண்டுகள் விழுந்தன என்றது. இலக்கிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் விழுந்தவை குறிதவறியவை அல்ல என்ற கணக்கைப் பெரிதும் நம்பி, 2011இல் குரோஷியத் தளபதி ஆன்டே கோட்டோவினாவுக்கு 24 ஆண்டுச் சிறை விதித்தது.

ஆனால் அந்த 200 மீட்டர், எந்தச் சாட்சியத்திலிருந்தும் பெறப்பட்டதல்ல. 2012 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஐவருமே அதை நிராகரித்தார்கள். கோட்டோவினாவை விடுவித்த தீர்ப்போ 3–2 என்று பிரிந்தது. அளவுகோல் பிழை என்பதற்காக மற்றச் சாட்சியங்களைத் தள்ளிவிட முடியாது என்று மாறுபட்ட இருவரும் கடுமையாகவே எழுதினார்கள். குண்டுகளுக்கு நடுவே கிடந்தவர்களின் வாக்குமூலம் ஆதாரமற்ற ஓர் எண்ணோடு பிணைக்கப்பட்டு, அதனோடு சேர்ந்தே விழுந்ததுதான் இந்த வழக்கின் பெருந்துயரம்.